நைட் முடிந்த காலையில் ராஜினாமா எழுதாதீர்கள்

ஜனவரி 5

தொடர்ந்து நான்கு நைட் பார்த்துவிட்டு வெளியே வரும் காலையில், ஒரு நர்ஸுக்கு எந்த வேலையும் விட்டுத் தொலைக்க வேண்டிய வேலையாகத்தான் தெரியும். உடம்பின் கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். எட்டு மணி நேர மாற்றத்தை ஒரே ஒரு ஆஃப் சரிசெய்துவிடாது. இரண்டு இரவாவது ஒழுங்காகத் தூங்கிய பிறகே யோசனை.

ரோஸ்டரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு தாங்கும். இரவிலிருந்து மாலை, மாலையிலிருந்து காலை என்று பின்னோக்கி இழுத்தால் திணறும். பின்னோக்கி என்றால், முதலில் இன்சார்ஜிடம் சுற்றை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ராஜினாமாவைவிட அது எளிது.

ஜனவரி 8

ஒரு மாதக் கணக்கு. பாக்கெட் நோட்டில் நான்கு கட்டம்: வேலை, ஆட்கள், நேரம், இடம். ஒவ்வொரு டியூட்டியும் முடிந்ததும், யூனிஃபார்ம் மாற்றுவதற்கு முன்பே, அன்று எது அதிகம் படுத்தியதோ அதில் ஒரு கோடு. வீட்டுக்குப் போய் எழுதினால் பஸ் நெரிசலும் கணக்கில் ஏறிவிடும்.

‘நேரம்’ நிரம்பினால் பகல் பணி தேட வேண்டும். ‘ஆட்கள்’ என்றால் அதே மருத்துவமனையில் வேறு வார்டு போதும். ஸ்டாஃப் பற்றாக்குறை, ஓடாத மானிட்டர், தீர்ந்துபோன கையுறை எல்லாம் ‘இடம்’. அதே வேலையை வேறு மருத்துவமனையில் செய்து பார்க்கலாம். ‘வேலை’ கட்டம் நிரம்பினால்தான் பேஷன்ட்டின் படுக்கையருகை விட்டு விலகும் பேச்சு. மோசமான நாளில் மூன்று கோடு போடக் கை பரபரக்கும். ஒரு டியூட்டிக்கு ஒரு கோடுதான்.

ஜனவரி 15

வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூன்று அடையாளங்களால் விளக்கியது: தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது. பேஷன்ட்டை ‘பன்னிரண்டாம் பெட்’ என்பது எல்லா வார்டிலும் உள்ள பழக்கம். பெயரைக் கேட்கவே தோன்றாமல் போவதுதான் இரண்டாவது அடையாளம்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் புது வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் நீண்ட விடுப்பு எடுப்பது நல்லது. எந்தப் புதுத் துறையும் முதல் சில மாதங்கள் பழைய துறையைவிட அதிகமாக உழைப்பைக் கேட்கும்.

ஜனவரி 28

நைட் வேண்டாம் என்பவர்களின் கண் முதலில் போவது டயாலிசிஸ் பக்கம். ஒருவருக்கு ஒரு முறை சுமார் 4 மணி நேரம், பெரும்பாலும் வாரம் மூன்று முறை, மாதக்கணக்கில் அதே முகங்கள். முகம் தெரிவது சிலருக்கு ஆறுதல். அந்த நாற்காலி ஒருநாள் காலியாகும்போது அதுவே பாரம்.

ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய நாளம். அதற்கான ஊசி பொதுவாக 15 அல்லது 16 கேஜ்; எண் குறையக் குறைய ஊசி தடிமன். வார்டில் 20, 22 கேனுலா போட்டுப் பழகிய கைக்கு இது புதிது. வழக்கமான முறையில், ஏணிப்படிபோல ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிக் குத்த வேண்டும். ஒரே பகுதியில் குத்திக்கொண்டிருந்தால் நாளச் சுவர் மெலிந்து புடைத்துவிடும். இரண்டு சிட்டிங்குக்கு நடுவில் நீர் தேங்கி எடை அதிகம் ஏறி வந்தவரிடம் நீரை அவசரமாக இழுத்தால் பிரஷர் விழும், கால் தசை பிடித்துக்கொள்ளும்.

பலர் எதிர்பாராதது தண்ணீர். ரத்தத்தின் கழிவை வாங்கிக்கொள்ளும் திரவமான டயாலிசேட் நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடினால் 4 மணி நேரத்தில் ஒருவருக்கே 120 லிட்டர். தண்ணீரை வடிகட்டும் கார்பன் டேங்க் தேய்ந்து, குழாய்த் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினியான குளோரமின் உள்ளே வந்தால் பேஷன்ட்டின் சிவப்பணுக்கள் உடையும். அதனால் முதல் பேட்ச்சை ஏற்றும் முன் தண்ணீர்ச் சோதனை. பகல் வேலைதான், ஆனால் பகல் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும்.

பிப்ரவரி 4

தொற்றுத் தடுப்பு நர்ஸ்: எண்ணும் வேலை. ஒரு பேஷன்ட்டுக்குக் கதீட்டர் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கதீட்டர் நாள். 750 கதீட்டர் நாட்களில் 3 தொற்று என்றால், ஆயிரம் நாளுக்கு 4. கதீட்டர் நாட்களை வார்டு ஒழுங்காகக் குறிக்காவிட்டால் விகிதமே பொய். மீதி நேரம், நேற்றுவரை கூட டீ குடித்தவர்களிடம் போய்க் கை கழுவச் சொல்வது. நட்பு கொஞ்சம் செலவாகும்.

பிப்ரவரி 10

செவிலியர் திறமை கற்றுக்குட்டியில் தொடங்கி நிபுணர்வரை ஐந்து படிகளில் வளர்கிறது என்று பாட்ரீசியா பென்னர் 1984-ல் எழுதினார். துறை மாறினால் நிபுணரும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுவார் என்பதும் அதில் உண்டு. பத்து வருட அனுபவக்காரர் ‘அந்த டியூப் எங்கே இருக்கிறது?’ என்று இளையவரிடம் கேட்க வேண்டி வரும். கேட்கக் கூசினால் தப்பு நடக்கும்.

இன்டர்வியூவில் கேட்க வேண்டியவை: பயிற்சி எத்தனை வாரம்? சொல்லித் தருபவருக்கு அந்த நாட்களில் பேஷன்ட் குறைத்துத் தருவீர்களா? அந்த வாரங்களில் என்னை ஸ்டாஃப் எண்ணிக்கையில் சேர்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பயிற்சி காகிதத்தில்தான் இருக்கும்.

அரை நாள் நின்று பார்க்க அனுமதி கிடைத்தால் எமர்ஜென்சி டிராலியைத் தினமும் சரிபார்த்துக் கையெழுத்திடும் செக் நோட்டைப் புரட்டுங்கள். விட்டுப்போன கையெழுத்துகள் நிறைய சொல்லும். ஒரு மாதத்துக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் கையெழுத்து இருந்தால் இன்னும் நிறைய.

பிப்ரவரி 18

பழைய மொத்தச் சம்பளத்தைப் புதிய மொத்தத்தோடு ஒப்பிடக் கூடாது. பன்னிரண்டு மாத ஊதியச் சீட்டை எடுத்து நைட் அலவன்ஸ், ஓவர்டைம் இரண்டையும் தனியே கழித்துப் பாருங்கள். பகல் பணியில் இரண்டும் போய்விடும்.

பிப்ரவரி 25

எழுத்தில் நியமன உத்தரவு கையில் வரும்வரை ராஜினாமா கொடுக்கக் கூடாது. கொடுத்தால், பெற்றுக்கொண்ட தேதியோடு கையெழுத்திட்ட நகல் ஒன்று வேண்டும். நோட்டீஸ் காலத் தகராறெல்லாம் அந்தத் தேதியில்தான் கிளம்பும். அனுபவச் சான்றிதழில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று மட்டும் இருந்தால் போதாது: துறை, படுக்கை எண்ணிக்கை, வென்டிலேட்டர் பார்த்த விவரம், தொடக்க, முடிவுத் தேதிகள் வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் பதிவும், அதற்கான ஆன்டிபாடி 10 mIU/mL-க்கு மேல் காட்டும் ரிப்போர்ட்டும் ஃபைலில் இருக்கட்டும். படுக்கையருகை விட்டு விலகினாலும் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விட வேண்டாம்.

சேரும் தேதி குறிக்கும்போது கடைசி நைட்டுக்கும் புது இடத்தின் முதல் காலைக்கும் நடுவில் எட்டு நாளாவது கேளுங்கள். உடம்பின் கடிகாரம் நகர்வது நாளுக்கு ஒரு மணி நேரம், இது எட்டு மணி நேர மாற்றம்.