மாமா ஓட்டிய கார், அக்கா போட்ட வழக்கு

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

நேற்று இரவு மதுரையிலிருந்து திருச்சிக்குத் திரும்பும் வழியில், துவரங்குறிச்சி தாண்டி விபத்து. ஓட்டியது மாமா. சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்பக்கத்தில் காரின் இடதுபக்கம் இடித்துவிட்டது. மாமாவுக்கு நெஞ்சில் அடி, பயமில்லை. பின்சீட்டில் இருந்த அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெல்ட் போட்டிருந்தாள், தலை தப்பியது.

108 வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது டாக்டர் கேட்டார்: "எப்படி ஆச்சு?" பக்கத்திலிருந்த யாரோ மெதுவாக, "கீழ விழுந்துட்டாங்கன்னு சொல்லிடுங்க, போலீஸ் எல்லாம் எதுக்கு" என்றார். அத்தான் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "கார் லாரியில மோதிருச்சு. உள்ளே உட்கார்ந்திருந்தாங்க. அப்படியே எழுதுங்க."

அந்தப் பதிவேட்டின் நகலில், அதாவது ஏ.ஆர். காப்பியில், எழுதப்படும் ஒரு வரிதான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை. "விழுந்தார்" என்று எழுதிவிட்டால், விபத்தில் அடிபட்டதாக நிரூபிக்க வருஷக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். காயம்பட்டவரோடு போகிறவர்கள் தயவுசெய்து உண்மையை அப்படியே சொல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து சொல்லும் பொய், காயம்பட்டவரின் உரிமையைத்தான் பறிக்கும்.

ஆகஸ்ட் 14

மணிக்கட்டில் பிளேட் வைத்தாகிவிட்டது. செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. இந்த மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்திருக்கிறது. விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை. தப்பு யார் மேல் என்ற கேள்வியே இதில் கிடையாது. பயணிக்கும் உண்டு, ஓட்டியவருக்கும் உண்டு.

அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு பில்லையும் அத்தான் ஒரு ஃபைலில் போட்டு வைக்கிறார். ஆட்டோவுக்குக் கொடுத்ததைக்கூடத் தேதி போட்டு எழுதுகிறார்.

ஆகஸ்ட் 19

வீட்டில் சண்டை. எஃப்.ஐ.ஆர். மாமா பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகள், அதாவது அஜாக்கிரதையாக ஓட்டியது, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியது. பின்னாலிருந்து மோதியவர் என்பதால் அவர் மேல் போட்டுவிட்டார்கள். அதோடு நிற்காமல், இழப்பீடு கேட்டு மனு போட்டால் அதிலும் அவர்தான் முதல் எதிர்மனுதாரர் என்று தெரிந்ததும் அம்மா உடைந்துபோனாள்.

"என் தம்பி மேலயே கேஸ் போடச் சொல்றீங்களா? நாளைக்கு அவன் முகத்துல எப்படிடி முழிக்கிறது?"

அக்கா எதுவும் பேசவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டுவிடுகின்றன. சொந்தக்காரர் வண்டி, நண்பர் வண்டி, மேலதிகாரி வண்டி என்று கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். கார் உரிமையாளரைச் சேர்க்காமல் மனு போட முடியாது என்பதால்தான் மாமா பெயர் வருகிறது. பாலிசி சரியாக இருந்தால் பணம் தரவேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. மாமா வருஷா வருஷம் பிரீமியம் கட்டியதே இதற்காகத்தான். அக்கா கேட்காமல் விட்டால் மாமாவுக்கு ஒரு ரூபாய் மிச்சமாகாது, கம்பெனிக்குத்தான் மிச்சம். அம்மாவிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

"பாலிசி சரியாக இருந்தால்" என்று எழுதினேன் அல்லவா, இன்று அதைப் பார்த்தோம். மாமாவே பாலிசி காப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனாலும் வந்தார்.

சொந்தக் காரில் ஏறும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், காசு கொடுக்காமல் அந்தக் காருக்குள் உட்கார்ந்து வருகிறவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ரோட்டில் நடந்து போகிறவருக்கு உண்டு, எதிரே வரும் வண்டிக்காரருக்கு உண்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இல்லை. பேக்கேஜ் பாலிசி என்றால், அதாவது காம்ப்ரஹென்சிவ் என்று சொல்கிறோமே, அது என்றால் உள்ளே இருப்பவருக்கும் உண்டு. இதைத் தெளிவுபடுத்தி 2009 நவம்பர் 16-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கையே அனுப்பியது. பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னது.

தாளில் இரண்டு பத்தி. இடதுபக்கம் "ஓன் டேமேஜ்" (சொந்த வண்டிக்கு ஆகும் சேதம்) என்று தலைப்பிட்டு ஒரு தொகை, வலதுபக்கம் "லயபிலிட்டி" (அடுத்தவருக்குத் தரவேண்டிய பொறுப்பு) என்று ஒரு தொகை. இரண்டிலும் பணம் கட்டியிருந்தது. மேலே "பிரைவேட் கார் பேக்கேஜ் பாலிசி" என்று அச்சாகியிருந்தது. அத்தான் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். கீழே பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு என்று தனியாக ஒரு வரி உண்டு, அது காலியாக இருந்தது. அது நாமாகக் கேட்டு வாங்க வேண்டியது, மாமா வாங்கவில்லை. பரவாயில்லை, பேக்கேஜ் இருப்பதே பெரிய நிம்மதி.

2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். பலர் முதல் வருஷம் முடிந்ததும் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பு. உள்ளே ஏற்றிக்கொண்டு போகும் தங்கச்சிக்கும் நண்பனுக்கும் பாதுகாப்பு போய்விட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவு போட்டது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அது நின்றிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 3

வக்கீலைப் பார்த்தோம். எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளிலேயே ஊறியவர். எஃப்.ஐ.ஆரைப் படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "லாரி இன்சூரன்ஸ் நம்பர் எடுத்தீங்களா?"

விளக்கில்லாமல் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தியதும் கவனக்குறைவுதான். எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் இருந்தாலும், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் தானே விசாரித்து முடிவு செய்யும். இரண்டு ஓட்டுநர்களின் தப்பும் சேர்ந்து மூன்றாவது ஆள் அடிபட்டால், அவர் இரண்டு பேரையும் கேட்கலாம், அல்லது ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். 2015-ல் கென்யே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆளுக்கு எத்தனை சதவீதம் என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவளின் பங்கு அதில் ஏது?

இன்னொன்றும் சொன்னார். லாரியைப் பொறுத்தவரை அக்கா வெளியாள். அதனால் லாரிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி இருந்தாலே போதும். கார் பாலிசி கைகொடுக்காத குடும்பங்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது, அது தெரியாமல் கைவிட்டுவிடுகிறார்கள். இப்போது மனுவில் நான்கு எதிர்மனுதாரர்கள்: மாமா, கார் இன்சூரன்ஸ், லாரி உரிமையாளர், லாரி இன்சூரன்ஸ்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் தெளிந்தாள். "அப்ப அவன் ஒருத்தன் மட்டும் இல்லையே" என்றாள்.

செப்டம்பர் 20

இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போகும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். படிக்காமல் போட மாட்டேன் என்று அக்கா இடது கையால் தாளைத் தள்ளினாள். நல்லது செய்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கட்டு பிரித்துவிட்டார்கள். விரல்கள் மடங்குகின்றன. மணிக்கட்டு பாதிதான் திரும்புகிறது. இன்று மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பிடிக்க முடிந்தது, வளைவில் திருப்ப முடியவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

இழப்பீட்டில் மிக முக்கியமான கேள்வி இங்கேதான் இருக்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. ஊனச் சான்றிதழில் இருக்கும் சதவீதம் ஒன்று, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறொன்று. இடது கை போன ஒருவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பில் இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். அக்கா தையல்காரி. மணிக்கட்டு திரும்பாதது அவள் தொழிலுக்கு என்ன செய்யும் என்பதைத் தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

வக்கீல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மாத வருமானம் 12,000. சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும், இது 2017-ல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 16,800. வருஷத்துக்கு 2,01,600. அக்காவுக்கு வயது 38, அதற்குப் பெருக்கும் எண் 15, இது 2009-ன் சரளா வர்மா தீர்ப்பிலிருந்து. மொத்தம் 30,24,000. திறன் இழப்பை 20 சதவீதம் என்று எடுத்தால் 6,04,800. இது ஒரு தலைப்பு மட்டும்தான். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், இனி பிளேட் எடுக்க ஆகும் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, வலி வேதனை எல்லாம் தனித்தனி.

பார்த்துக்கொண்டது அம்மாதானே, அதற்கு என்ன கூலி என்று அத்தான் கேட்டார். உண்டு. 2020-ல் காஜல் என்ற பெண்ணின் வழக்கில், விபத்தின்போது அவளுக்கு 12 வயது, முழு ஊனம். உதவியாளர் செலவுக்கு மட்டும் மாதம் 10,000 வீதம் 18-ஆல் பெருக்கி 21,60,000 கொடுத்தது உச்ச நீதிமன்றம். வீட்டிலிருப்பவர்களின் உழைப்புக்கும் மதிப்பு இருக்கிறது.

வருமானத்துக்கு ரசீது இல்லை. அக்கா கஸ்டமர் அளவு எழுதும் நோட்டைக் கொடுத்தாள். வருஷக்கணக்கில் தேதி, பெயர், தொகை. வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அக்டோபர் 27

எதிர்வீட்டு அண்ணன் கேட்டார், பஸ்ஸில் அடிபட்டால்? டிக்கெட் வாங்கி ஏறும் வண்டியில் பயணிக்குக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகமே தரவேண்டும். தராமல் இழுத்தடித்தால் நீதிமன்ற ஊழியர்கள் வந்து பஸ்ஸை ஜப்தி செய்வதைப் பேப்பரில் பார்த்திருப்பார். டிக்கெட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மனு போட ஆறு மாதக் கெடு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் கொண்டுவந்தார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதற்கு முன் 1994-லிருந்து கெடுவே இல்லாமல் இருந்தது. இதை எதிர்த்த வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. அவை முடியும்வரை, கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக எந்த மனுவையும் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இந்த வாரம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடப்பவருக்கு ஆறு மாதக் கெடு என்பது கொடுமை. இந்த உத்தரவு வந்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனாலும் கெடுவுக்குள் போட முடிந்தவர்கள் போட்டுவிடுங்கள், இடைக்கால உத்தரவு நிரந்தரம் இல்லை.

நவம்பர் 28

மனு தாக்கலாகி நம்பர் ஆகிவிட்டது. விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆகவே திருச்சியிலேயே.

கார் கம்பெனி தரப்பில் சமரசம் பேசினார்கள். தப்பை நிரூபிக்கத் தேவையில்லாத, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான், உடனே கிடைக்கும். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு காலாவதியாகிவிடும். டிசம்பரில் வரும் மக்கள் நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. அவசரமாகப் பணம் தேவைப்படும் வீடுகளுக்கு இந்த இரண்டும் நல்ல வழிதான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கை எந்த அளவுக்குத் தேறும் என்று தெரியாமல் கையெழுத்துப் போட அக்காவுக்கு மனமில்லை. மருத்துவக் குழுவின் சான்றிதழ் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

லாரியின் பின்விளக்கு எரியவில்லை என்பதைக் கூண்டேறிச் சொல்ல மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சாட்சி சொல்லும் தேதி இனிமேல்தான் தெரியும்.