வரைபடத்தில் நிறமில்லாத வட்டாரங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது டெங்கு பற்றிய பரபரப்பு மெல்ல அடங்கும். மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவில் எனக்கு அப்போதுதான் கவலை கூடும். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை போன்ற வட மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் தலைதூக்குவது இந்தக் குளிர் மாதங்களில்தான்.

இதைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. புதரிலும் வரப்பிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பூச்சி. களை எடுப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், ஆடு மேய்ப்பவர்களை அது கடிக்கிறது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. ரத்தத் தட்டணுக்களும் குறையலாம். அதனால் முதலில் டெங்கு என்றே சந்தேகிப்பார்கள். அந்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் 'வைரல் ஃபீவர்' என்று எழுதி பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படியே ஒரு வாரம் போனால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போதும், பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இவ்வளவு மலிவான மாத்திரை இருந்தும் ஒருவர் ஐசியு வரை போவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை வைத்து நிரப்புவது எஸ், மருத்துவர் நிரப்புவது பி, ஆய்வகம் நிரப்புவது எல். 2021-இலிருந்து எல்லாம் ஆன்லைனில் ஏறுகிறது, திரையில் மாவட்ட வரைபடம் வந்துவிடுகிறது. அந்த வரைபடத்தோடுதான் எனக்கு வாக்குவாதம். இந்தக் காய்ச்சலை ரத்தத்தில் கண்டறியும் எலைசா பரிசோதனை வசதி உள்ள ஊரைச் சுற்றி அடர்ந்த நிறம். அதே மலையடிவாரம், அதே புதர், அதே விவசாய வேலை உள்ள பக்கத்து வட்டாரத்தில் ஒன்றுமே இல்லை. பார்ப்பவர் அங்கே நோய் இல்லை என்று நினைப்பார். உண்மையில் அங்கே யாரும் தேடவில்லை.

அப்படியொரு வட்டாரத்தில், ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்து டெங்கு இல்லை என்று வந்தவர்களின் சாம்பிளை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னோம். கொஞ்ச நாளிலேயே பாசிட்டிவ் வரத் தொடங்கியது. அப்புறம் கறுப்புப் புண்ணைத் தேடச் சொன்னோம். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது. எல்லோருக்கும் வராது, ஆனால் இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்கிவிடலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ் என மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் சொன்னபோது மூத்த செவிலியர் ஒருவர், "சார், பொம்பளைங்க டாக்டர்கிட்ட கூச்சப்பட்டுக்கிட்டு காட்ட மாட்டாங்க. எங்ககிட்ட விடுங்க, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றார். அங்கே அதன்பிறகு கண்டுபிடித்ததில் பலதும் அவர்கள் பார்த்துச் சொன்னவைதான்.

ஆனால் எண்ணிக்கை ஏறியதும் ஆய்வுக் கூட்டத்தில் வந்த கேள்வி, "உங்க ஏரியால மட்டும் ஏன் இவ்வளவு கேஸ்?" கேட்டவரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வி இப்படியே இருந்தால், அடுத்த பருவத்தில் களப்பணியாளர்கள் சாம்பிள் எடுக்கவே தயங்குவார்கள். எத்தனை பேருக்குப் பரிசோதித்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். தனியார் கிளினிக்குகளுக்குப் போகும் காய்ச்சல்காரர்களில் பலர் எங்கள் கணக்கில் வருவதே இல்லை என்பது இன்னொரு பெரிய ஓட்டை. அதை இன்னும் அடைக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வாராந்திர அறிக்கையில் பாசிட்டிவ் எண்ணுக்குப் பக்கத்திலேயே பரிசோதித்த எண்ணும் வருகிறது. ஒரு சாம்பிள்கூட அனுப்பாத வட்டாரத்துக்குப் பூஜ்யம் போடுவதில்லை, 'பரிசோதனை இல்லை' என்றே எழுதுகிறோம். பரிசோதனை கிட் கேட்டு எழுதும் கடிதம் ஐப்பசியிலேயே போய்விடுகிறது.