இதயத்தில் வைக்கும் வால்வு எத்தனை வருஷம் தாங்கும்?

இதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வால்வு எதிலிருந்து வந்தது என்பதைவிட, அதைப் பொருத்தும்போது பிள்ளைக்கு என்ன வயது என்பதுதான் பெரிய விஷயம். சின்ன வயதென்றால் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

என் மகள் ட்ரங்கஸ் ஆர்டீரியோசஸ் என்ற குறையோடு பிறந்தாள். உடம்புக்கும் நுரையீரலுக்கும் தனித்தனியாகப் போகவேண்டிய பெரிய ரத்தக்குழாய்கள் பிரியாமல் ஒன்றாக இருந்தன. கைக்குழந்தையிலேயே நுரையீரல் தமனியைப் பிரித்து, வலது கீழறையிலிருந்து அதற்கு வால்வுள்ள ஒரு குழாயை வைத்தார்கள். அது ஹோமோகிராஃப்ட். இறந்துபோன ஒருவரின் குடும்பம் தானமாகக் கொடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காத்தது. அந்தக் குடும்பத்தை நினைக்காத நாளில்லை. 1966-லேயே லண்டனில் சர்ஜன் டொனால்ட் ராஸ் இதே இடத்தில் தான வால்வை வைத்திருக்கிறார்.

ஆனால் அந்தக் குழாய் பிள்ளையோடு வளராது. அதோடு கால்சியமும் படியும். ஒவ்வொரு எக்கோவிலும் (இதய ஸ்கேன்) கிரேடியன்ட், அதாவது வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், ஏறிக்கொண்டே போனது. கடைசியில் குழாயை மாற்றியபோது, எடுத்த பழையதன் போட்டோவை சர்ஜன் காட்டினார். உள்சுவர் முழுக்க முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இறுகியிருந்தது. வால்வின் இதழ்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் சின்னத் துளைதான் மிச்சம். இவ்வளவு நாள் அதன் வழியாகத்தான் ரத்தம் போயிருக்கிறது.

தான வால்வுக்குப் பதில் வைக்கிற பன்றி வால்வு, மாட்டின் கழுத்துச் சிரை எல்லாம் குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தியவை. 1960-களின் கடைசியில் பாரிஸில் சர்ஜன் அலைன் கார்பான்டியே கொண்டுவந்த முறை. உடம்பு எதிர்ப்பது குறையும். ஆனால் அதே ரசாயனம் கால்சியத்தையும் இழுக்கும். எழுபது வயதுக்காரருக்குப் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கிற வால்வு, எலும்பு வளர்கிற வயதில் அதைவிட வெகு சீக்கிரம் கெட்டுவிடும்.

“உலோக வால்வு வைத்தால் என்ன?” என்று என் மாமனார் கேட்டார். இதயத்தின் வலது பக்கம் அழுத்தம் குறைவு, அதனால் உலோக வால்வில் ரத்தம் உறைகிற ஆபத்து அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். பெண் பிள்ளை, நாளைக்குக் கர்ப்பமானால் அந்த மருந்து கருவுக்கு ஆகாது.

எனக்குத் தெம்பு கொடுத்தது வேறொன்று. 2000-இல் பாரிஸில் இதய டாக்டர் பிலிப் போன்ஹோஃபர், மாட்டுச் சிரை வால்வை ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயில் தைத்து, நெஞ்சைத் திறக்காமல், ஒரு பையனின் பழுதான குழாய்க்குள்ளேயே கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய்) வழியாக வைத்தார். அவனுக்கு 12 வயது. அதனால் சர்ஜனிடம் வருஷக் கணக்கு கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன சைஸ் வைக்கிறீர்கள், பிற்பாடு அதற்குள் கதீட்டர் வால்வு போகுமா என்றும் கேளுங்கள். எங்கள் இரண்டாவது குழாயின் அளவை அதை யோசித்தே முடிவு செய்தோம்.

அப்புறம், பல். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி இந்த வால்வுகளில் தொற்றினால் நல்ல நிலையில் இருப்பதும் வீணாகிவிடும். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் பற்றி இதய டாக்டரிடம் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.