ரெண்டும் ஒரே மாறிதானா?

“ரெண்டும் ஒரே மாறிதானான்னு ஒரு தடவை பார்த்துடலாமா?” என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆனவர். பழைய சி நிரல் ஒன்றை பில்ட் செய்யும்போது, ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இருந்த மாறிகளை (வேரியபிள்) பற்றிய கேள்வி. “இத்தனை வருஷமா ஓடிட்டுத்தானே இருக்கு, ஃப்ளாக்கைப் போட்டு பில்டை முடிங்க” என்றேன். பேச்சு அவ்வளவுதான். சரி என்று திரும்பிக்கொண்டார்.

பிழை எல்லோரும் பார்த்ததுதான், மல்டிபிள் டெஃபனிஷன், ஒரே பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வரையறுத்திருக்கிறது என்பது. 2020-இல் ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு வந்த பிறகு பழைய சி பேக்கேஜைச் சோர்ஸிலிருந்து பில்ட் செய்த யாரும் இதில் முட்டிக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது. எக்ஸ்டர்ன் (‘மாறி வேறிடத்தில் இருக்கிறது’ என்ற குறிப்பு) போடாமல், பல ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் ஹெட்டரில் எழுதிய குளோபல் மாறிகளை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் முன்பெல்லாம் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும், இப்போது மறுக்கிறது. கம்பைலருக்குக் கொடுக்கும் ‘எஃப்காமன்’ என்ற ஃப்ளாக்கை, அதாவது விருப்பக் குறியை, சேர்த்தால் பழையபடி வாயை மூடிக்கொள்ளும்.

நான் சொன்னது தப்பே இல்லை. புதிய பதிப்புக்கு மாறுவோருக்கான ஜிசிசியின் போர்ட்டிங் குறிப்பே அந்த ஃப்ளாக்கைத் தற்காலிக வழியாகச் சொல்கிறது. ஹெட்டரில் எக்ஸ்டர்ன் போடுவதே முறை என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, வேறெதற்கோ பில்ட் கட்டளைகள் இருக்கும் அந்த மேக்ஃபைலைத் திறந்தபோது கேள்வி ஞாபகம் வந்தது. பதினான்கு பிழைகளில் பதின்மூன்று ஹெட்டர் சமாசாரம். மிச்சம் ஒன்று ‘மோட்’ என்ற மாறி. இரண்டு சி ஃபைல்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஹெட்டர்கூட இல்லை. ஒன்றில் அது இன்ட் என்ற எண் வகை, ஃபைலை எப்படித் திறப்பது என்பதற்கு. மற்றதில் லாங் வகை, வெளியீட்டு வடிவத்துக்கு. கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்களில், உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியை ஓட்டினேன். இரண்டிலும் பெயருக்கு முன்னால் ‘சி’ என்ற எழுத்து, காமன், அதாவது லிங்கர் ஒன்றாக்கிவிடக்கூடியது என்று பொருள். அளவு ஒன்றில் 4 பைட், மற்றதில் 8. லிங்கர் பெரியதை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒரே முகவரியில் உட்கார வைத்திருக்கிறது. ‘வார்ன்-காமன்’ போட்டுக் கேட்டால் ஒழிய அது இதைச் சொல்லவும் சொல்லாது.

வெளியீட்டு வடிவம் எப்போதாவது தானாக மாறிவிடுகிறது என்று ஒரு பழைய புகார் உண்டு. இதனால்தானா? அரை நாள் முயன்றும் என்னால் அதை வரவழைக்க முடியவில்லை. அந்தக் கோளாறு இருந்திருந்தாலும் ஃப்ளாக்குக்கு முன்பே இருந்ததுதான். நான் புதிதாக எதையும் உடைக்கவில்லை. ஆனால் கம்பைலர் முதல்முறையாக விரல் நீட்டிக் காட்டியது, பக்கத்திலேயே ஒரு ஆள் ‘பார்க்கலாமா’ என்று வேறு கேட்டார். அவசரம் என்று சொல்லலாம். அப்படி ஒன்றும் அவசரமில்லை. பிழையைப் பார்த்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது, அதுதான் வினை. தெரியாத பிழையாக இருந்திருந்தால் உட்கார்ந்து தேடியிருப்பேன்.

இரண்டு மாறிகளுக்கும் ஸ்டேட்டிக் போட்டு, அந்தந்த ஃபைலுக்குள்ளேயே அடக்கி, கமிட் செய்தேன். செய்தியில் ‘சின்னத் திருத்தம்’ என்று எழுதினேன். மற்ற பதின்மூன்றும் இன்னும் அந்த ஃப்ளாக்கின் தயவில்தான் ஓடுகின்றன. அவரிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அவருக்கு வேறொரு பேக்கேஜில் லிங்கர் பிழை. திரையைக்கூடத் திருப்பிக் காட்டவில்லை. “இதுக்கு எந்த ஃப்ளாக் போடணும்?” என்று மட்டும் கேட்டார்.