ஆறு கோப்ளின்களும் ஒரு பெருக்கல் கணக்கும்

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் முகம் வெளிறுவது எதிரே இருப்பவர்களுக்குப் பாதிதான் தெரியும். முதல் நாள் ஆட்டத்தில் அந்தத் தடுப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை என்பதை நான்கு பேரும் அப்போதே கண்டுபிடித்திருப்பார்கள்.

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டத்தை ஆட ஐந்து பேர் கூடினோம். நான்கு பேர் ஆளுக்கொரு வேடம் ஏற்க, மீதி உலகம் முழுவதையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சத்திரத்துக்காரன், அரசன், மழை, அரக்கன் எல்லாம் அவரே. டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். புத்தகத்துக்குக் காசு கொடுத்தவன் என்ற ஒரே தகுதியில் அந்தப் பதவி என் தலையில் விழுந்தது. பள்ளி நண்பன் போர்வீரன். "நான் வேடிக்கை மட்டும் பார்க்கிறேன்" என்று வந்த அவன் மனைவி, பத்தே நிமிடத்தில் காயம் ஆற்றும் பூசாரி ஆகிவிட்டார். என் தங்கை திருடி. வேடத்துக்கும் அவளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றி இங்கே சொல்ல மாட்டேன், அவள் இதைப் படிப்பாள். அலுவலகத் தோழி மந்திரவாதி. தன் பாத்திரத்தின் முன்கதையை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அரக்கர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு அரக்கனுக்கும் இத்தனை அனுபவப் புள்ளி என்று விலை ஒட்டியிருப்பார்கள். முதல் லெவலில் இருக்கும் ஒருவருக்கு 25 புள்ளி என்றால் எளிது, 50 என்றால் நடுத்தரம், 75 என்றால் கடினம், 100 என்றால் ஆளைக் கொல்லும். நான்கு பேர் என்பதால் நான்கால் பெருக்கினேன். கடினம் 300. கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றுக்கு 50. ஆக ஆறு கோப்ளின். வகுத்தால் மீதிகூட வரவில்லை. முதல் சண்டை கொஞ்சம் கடினமாக இருந்தால்தானே மனதில் நிற்கும் என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தூங்கப் போனேன்.

அதே கணக்கில் இன்னொரு படி இருந்தது. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால், வந்த கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்க வேண்டும். இரண்டே பேர் என்றால் ஒன்றரையால். பதினைந்தோ அதற்கு மேலோ போனால் நான்கால். என் 300 உண்மையில் 600. ஆளைக் கொல்லும் எல்லை 400. முதல் லெவல் ஆட்களுக்கு மரணத்தை ஒன்றரை மடங்காகப் பரிமாறியிருந்தேன். 2024-இல் வந்த புதிய பதிப்பில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். என்னைப் போல் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை தொடங்கியது. பாதையின் இருபுறமும் புதர். புதருக்குள் வில்லோடு ஆறு பேர். கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி ஏழுதான், ஊதினால் விழுந்துவிடும். ஆனால் அம்பு விட்டதும் தன் முறை முடிவதற்குள் மறுபடி ஒளிந்துகொள்ளும் கலை அதற்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எதிரி எய்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அம்பு ஒன்றுக்குச் சராசரி ஐந்து புள்ளி சேதம். மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி ஏழு. இரண்டு அம்பு. நான்கு பக்க முன்கதை கொண்ட அந்தப் பெண்மணி, ஒரு மந்திரம்கூட உச்சரிக்காமல் தன் முதல் முறை வருவதற்குள் தரையில் கிடந்தார்.

"நான் இன்னும் என் தொப்பியைப் பற்றிக்கூடச் சொல்லவில்லையே" என்றார்.

போர்வீரன் விழுந்தான். பூசாரி எழுப்பினார். மறுபடி விழுந்தான். மறுபடி எழுப்பினார். அத்தோடு அவரிடமிருந்த இரண்டு மந்திரங்களும் தீர்ந்தன. விழுந்து கிடப்பவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் நல்லது. மூன்று முறை பத்துக்குக் கீழே போனால் கதை முடிந்தது. மந்திரவாதிக்கு முதலில் 4, அடுத்து 8. மூன்றாவது முறை அவர் கை நடுங்கியதில் பகடை மேசையைத் தாண்டிக் குதித்து ஓடியது. நான்கு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். அது நாற்காலிக் காலில் சாய்ந்து, 11-க்கும் 9-க்கும் நடுவே ஒரு விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. மூச்சு விட்டால் சாய்ந்துவிடும் என்று யாரும் மூச்சு விடவில்லை. மறுபடி உருட்ட வேண்டுமா, எந்தப் பக்கம் அதிகம் தெரிகிறதோ அதை எடுக்கலாமா என்று பஞ்சாயத்து நடந்த ஐந்து நிமிடத்தில் நான் தடுப்புக்குப் பின்னால் தனியாக வியர்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி உருட்டினார். 14.

அந்த நிம்மதியிலேயே தூரத்தில் ஒரு கொம்பு ஊதப்பட்டது என்று அறிவித்தேன். கோப்ளின்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடின.

"ஜெயித்துக்கொண்டிருந்தவை ஏன் ஓடின, அண்ணா?"

"அவற்றுக்கு நேரமாகிவிட்டது."

தங்கை அதை எழுதி வைத்துக்கொண்டாள். இன்றுவரை வீட்டில் நான் எந்த வேலையிலிருந்து நழுவினாலும் யாராவது வாயாலேயே கொம்பு ஊதுகிறார்கள்.

ஆடியவர்களாவது ஓடியிருக்கலாமே என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த காலத்தில், புள்ளிகளில் பெரும்பங்கு புதையலை வெளியே கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான். அரக்கனைக் கண்டால் நைசாக நழுவுகிறவன்தான் கெட்டிக்காரன். இப்போது ஆடுகிறவர்கள், டன்ஜன் மாஸ்டர் ஒன்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் அது வெட்டுவதற்காகத்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டிய பாரம் என்னைப் போன்ற கணக்குப் புலிகளின் முதுகில் இறங்குகிறது.

இரண்டாவது ஆட்டத்துக்குள் எல்லோரும் இரண்டாம் லெவலுக்கு வந்திருந்தார்கள். இந்த முறை பெருக்கலே வேண்டாம் என்று ஒரே ஒரு எதிரியை எடுத்தேன். ஓகர் என்ற பெருத்த அரக்கன். சவால் அளவு 2. அதாவது ஓய்வெடுத்துத் தெம்பாக வரும் இரண்டாம் லெவல் ஆட்கள் நான்கு பேர் சாகாமல் சமாளிக்கக்கூடியது. 450 புள்ளி, நான்கு பேருக்கு நடுத்தரம் 400, கடினம் 600. பட்டும் படாமலும் நடுவில் உட்கார்ந்தது. உயிர்ப்புள்ளி 59. தடியால் ஓர் அடி சராசரி 13. அதற்கு ஒரு சோகக் கதை எழுதினேன். தாயை இழந்த ஓகர். இரண்டு பக்க வசனம். குளியலறையில் குரல் பயிற்சி வேறு.

ஓகர் மந்தமான பிராணி, முறை கடைசியில்தான் வந்தது. முதலில் பூசாரி வீசிய ஒளிக்கணை 14. போர்வீரன் ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டினான், அந்த லெவலில்தான் அந்தத் திறமை கிடைத்திருந்தது. 20. திருடி பக்கவாட்டில் குத்தியது 12. மிச்சம் 13. மந்திரவாதி போன வாரத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தூக்க மந்திரம் போட்டார். ஐந்து எட்டுப் பக்கப் பகடைகளை உருட்டி, வந்த தொகைக்குள் உயிர்ப்புள்ளி இருக்கிறவரைத் தூங்கவைக்கும் மந்திரம். வந்தது 19.

ஓகர் குறட்டை விட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாயை இழந்த விஷயம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு சுற்றில் அவர்களுக்கு நான்கு முறை, அதற்கு ஒரு முறை. புள்ளியும் சவால் அளவும் என்ன சொன்னாலும், மேசையில் யார் கை எத்தனை தடவை பகடையைத் தொடுகிறது என்பதுதான் சண்டை. ஆறு கோப்ளின் ஆறு கை. ஒற்றை ஓகர் ஒரே கை. அந்த ஒரு கை ஓங்குவதற்குள் ஆட்டம் முடியும், ஓங்கிவிட்டால் மந்திரவாதி முடிவார். இரண்டுமே ரசிக்கும்படி இருக்காது.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கையேடு, சராசரிக் குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு வரை நடுத்தரமோ கடினமோ ஆன சண்டைகளைத் தாங்கும் என்று நினைக்கிறது. நான் ஒரு நாளுக்கு ஒரு சண்டை வைத்தேன். அவர்களும் சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் செலவழிப்பவர்களைப் போல எல்லா மந்திரத்தையும் அந்த ஒன்றிலேயே கொட்டிவிட்டு, எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கிப் புதுசாக எழுந்தார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு வாரம் உழைத்தேன். நான்கு பேரின் பாத்திரத் தாள்களையும் படியெடுத்துவைத்து, இரவில் தனியாக இரண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன். ஒரு நள்ளிரவில் தண்ணீர் குடிக்க வந்த அம்மா, "யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார். "பூசாரியோடு" என்றேன். அம்மா விளக்கை அணைக்காமலே போய்விட்டார்.

விடிவதற்குள் ஒரு கைதியை மீட்க வேண்டும் என்று வைத்தேன், தூங்க முடியாது. வழியில் இரண்டு ஓநாய்கள். ஒன்றரையால் பெருக்கியும் 150தான், எளிது என்ற 200-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் ஓநாய் கடித்தால் ஆள் கீழே விழ வாய்ப்புண்டு. திருடி விழுந்தாள், பதறிப்போய் இரண்டு மந்திரம் செலவழித்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். கடைசியில் பாழடைந்த மண்டபத்தில் பக்பேர் என்ற முரட்டு அரக்கன் ஒன்றும் இரண்டு கோப்ளின்களும். 300, இரண்டால் பெருக்கினால் 600. கடினத்தின் எல்லைக்கோட்டில் மயிரிழை பிசகாமல். சண்டை சப்பென்று போனால் இறக்கிவிட, மாடியில் இன்னும் இரண்டு கோப்ளின்கள் காத்திருந்தன. பகடையில் பொய் சொல்வதைவிட இப்படி ஆளைக் கூட்டுவதும் குறைப்பதும் மேல் என்பது என் கட்சி. நண்பன் இரண்டும் திருட்டுதான் என்கிறான்.

பக்பேர் இருட்டிலிருந்து பாய்ந்தது. எதிர்பாராத முதல் அடிக்கு அதற்கு இரண்டு பகடை கூடுதல். 18 புள்ளி. 20 வைத்திருந்த போர்வீரன் 2-க்கு வந்தான். மேசையே அமைதியானது. அதன்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தங்கை தூணில் ஏறி விளக்குச் சங்கிலியை வெட்ட வேண்டும் என்றாள். அதற்கு விதி என்ன என்று நான் புரட்டிக்கொண்டிருந்தபோது பூசாரி ஒரு சந்தேகம் கேட்டார். சங்கிலி அறுந்து ஒரு கோப்ளின் நசுங்கியது. மந்திரவாதி மறுபடியும் விழுந்தார், இந்தத் தடவை தொப்பியை வர்ணித்த பிறகு. ஐந்தாவது சுற்றில், மூன்றே உயிர்ப்புள்ளியோடு நின்ற திருடி உருட்டியதில் 20 வந்தது. பக்பேர் சாய்ந்தது. நண்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். வேடிக்கை பார்க்க வந்த அவன் மனைவி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"இதுதான் சரியான அளவு! எப்படிக் கணக்குப் போட்டாய்?"

"ஒரு வாரம் ஆயிற்று" என்று அடக்கமாகச் சொன்னேன். மாடியில் காத்திருந்த இரண்டு கோப்ளின்களை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். சுத்தமாக மறந்திருந்தேன்.

எல்லோரும் கிளம்பிய பின் தங்கை தாள்களை அடுக்கித் தந்தாள். யார் முறை முடிந்தாலும் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவது என் வழக்கம். அந்தத் தாளை மட்டும் அவள் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக விரலால் எண்ணினாள். ஐந்து சுற்று. திருடிக்கு ஐந்து கோடு. பூசாரிக்கு ஐந்து. விரல் பக்பேரின் வரிசையில் வந்து நின்றது.

"மூன்றுதான் இருக்கிறது."

நான் பகடைகளைப் பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இரண்டு சுற்று அது சும்மா நின்றுகொண்டிருந்ததா, அண்ணா?"

"நீ சங்கிலி சங்கிலி என்று கத்தினால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?"

அவள் தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "அடுத்த வாரம் வருகிற அரக்கனுக்கும் கொஞ்சம் மறதி இருக்கட்டும், நான் யாரிடமும் சொல்லவில்லை" என்றாள்.