வைரஸ்–மனிதப் புரதப் பட்டியல்: லேப் இல்லாமலே ஒரு நல்ல எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ படிக்கிற வடசென்னைப் பிள்ளைகளுக்கு கடைசி செமஸ்டர் நெருங்கும்போது ஒரே கவலைதான்: ப்ராஜெக்ட்டை எங்கே செய்வது? பணம் கட்டினால் நாங்களே முடித்துத் தருகிறோம் என்கிற இடங்களுக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் செய்தது பட்டியலிடும் வேலை. வைரஸின் புரதங்கள் நம் உடம்பின் புரதங்களோடு சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை, வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவது. கொருக்குப்பேட்டை வீட்டில் ஒரு பழைய லேப்டாப், நெட், எக்செல். இவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட், புரதங்களின் தகவல் தொகுப்பான யூனிப்ராட், எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்று பதிந்துவைத்திருக்கும் இன்ட்ஆக்ட் எல்லாமே இலவசம்.

எச்ஐவி-1ஐ எடுத்துக்கொண்டேன். அதற்கு மொத்தமே ஒன்பது ஜீன்கள்தான், ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்டது கடலளவு. இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரியவந்தது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில். வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். நம் ஊரில் ஒரு மாணவி பொறுமையாகச் சேர்த்ததிலிருந்து தொடங்கிய கதை என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஒரு வரியில் என்னென்ன வர வேண்டும்? வைரஸ் புரதம், மனிதப் புரதம், இரண்டுக்கும் உள்ள உறவு, சோதனை முறை, எந்த செல்லில் செய்தார்கள், பப்மெட் எண். புரதப் பெயர்களை நிரப்புவது சீக்கிரம் முடிந்துவிடும். உழைப்பெல்லாம் உறவு, சோதனை முறை என்ற இரண்டு கட்டங்களில்தான். அங்கே அவசரப்பட்டால் பட்டியல் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவாது.

நம் நோய் எதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தையே பாருங்கள். செல்லுக்குள் நுழைய வைரஸின் வெளிப்புறப் புரதமான ஜிபி120 அதை நேரடியாகப் பற்றுகிறது. நெஃப் என்ற வைரஸ் புரதம் அதை செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. விபியு என்ற இன்னொரு வைரஸ் புரதம், புதிதாக உருவாகும் சிடி4 மேலே வருவதற்கு முன்பே அழிக்க வைக்கிறது. மூன்றையும் 'தொடர்பு உண்டு' என்று எழுதி வைத்தால் மருந்து தேடுகிறவருக்கு என்ன பயன்? நுழைவதைத் தடுப்பது ஒரு வழி, அழிவதைத் தடுப்பது வேறு வழி. நுழைவுக்குத் துணைபோகும் சிசிஆர்5 என்ற மனிதப் புரதத்தை மறிக்கும் மராவிராக் மருந்துக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது. எந்தப் புரதம் எதை எங்கே பற்றுகிறது என்று தெளிவாகத் தெரிந்ததால் வந்த மருந்து அது.

இடையில் மூன்றாவது ஆள் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் இ6 புரதம், புற்றுநோயைத் தடுக்கும் நம் பி53 புரதத்தை அழிக்கிறது என்று எல்லோரும் படித்திருப்போம். ஆனால் இ6 அதற்கு இ6ஏபி என்ற மனிதப் புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டால் பதிவு அரைகுறைதான்.

ஒரே புரதத்துக்குப் பல பெயர்கள் இருக்கும். குழப்பம் வராமல் இருக்க ஒரே வழி யூனிப்ராட் எண். டெதரின், பிஎஸ்டி2, சிடி317 மூன்றும் ஒரே மனிதப் புரதம். வைரஸ் பக்கம் வேறு சிக்கல்: எச்ஐவியின் இன்டக்ரேஸ், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற இரண்டு நொதிகளும் ஒரே நீளமான புரதமாக உருவாகிப் பிறகு வெட்டப்படுபவை. யூனிப்ராட்டில் இரண்டும் ஒரே எண்ணுக்குள் இருக்கும். எந்தத் துண்டு என்று தனியாகக் குறித்தே ஆக வேண்டும்.

சரி, சோதனை முறைக்கு வருவோம். ஒரு புரதத்தைப் பிடித்து இழுத்து, கூட வந்தவற்றை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில், அதாவது நிறையை அளந்து, அடையாளம் காண்பது ஒரு முறை. காசிமேட்டில் வலையை இழுத்தால் மீனோடு பாசியும் சிப்பியும் வருவதுபோல, கூட வந்ததெல்லாம் நேரடியாக ஒட்டியிருந்தது என்று சொல்ல முடியாது. 2020இல் கொரோனா வைரஸின் 26 புரதங்களை இப்படி ஒவ்வொன்றாக மனித செல்லில் வைத்து 332 ஜோடிகளைக் கண்டார்கள். அருமையான வேலை. ஆனால் செல்லுக்குள் நுழைய ஸ்பைக் புரதம் பற்றும் ஏசிஇ2 என்ற மனிதப் புரதம் அந்தப் பட்டியலில் இல்லை! அவர்கள் பயன்படுத்திய ஹெக்293டி என்ற ஆய்வக செல்லில் ஏசிஇ2 மிகக் குறைவு. செல் வகையை எழுதச் சொல்வது இதற்காகத்தான். பட்டியலில் இல்லாததை 'தொடர்பே இல்லை' என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தப் பழக்கம் தேர்வுக்கும் கைகொடுத்தது. சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வில் 200 மதிப்பெண்ணில் 100 சி பகுதிக்கு. 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், தவறினால் கால் பங்கு கழியும். சோதனை முடிவைக் கொடுத்து 'இதிலிருந்து என்ன சொல்லலாம்' என்று கேட்கும் கேள்விகள் அங்கே வரும். கட்டுரைகளின் படங்களை வரிசையாகப் படித்துப் பழகியவர்களுக்கு அவை மிரட்டுவதில்லை. அதனால் அப்ஸ்ட்ராக்டோடு நிறுத்தாதீர்கள். படத்தைப் பார்த்து, கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான சோதனை) என்ன என்று கண்டுபிடித்த பிறகு வரியை நிரப்புங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது விபியு. சின்னப் புரதம். சிடி4, டெதரின் இரண்டையும் தாக்குகிறது, இரண்டிலும் பீட்டா-டிஆர்சிபி என்ற மனிதப் புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறது. டெதரின் பற்றி 2008இல் வந்த கட்டுரைகளை முதலில் படியுங்கள். நிரப்பிய வரிகளை இன்ட்ஆக்டில் இருக்கும் வரிகளோடு ஒப்பிடுங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் கட்டுரையைத் திரும்ப எடுங்கள். கைடிடம் பேசுவதற்கு அந்த வேறுபாடுகளே போதும்.