சீனாவுக்கு ஆய்வு செய்யப் போகிறீர்களா? முதலில் பாஸ்போர்ட்டில் பெயரைப் பாருங்கள்

போன வாரம் ஜூனியர் பையன் ஒருவன் போன் செய்தான். சீனாவில் ‘அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்’ என்ற துறையில், அதாவது அறிவியலும் சமூகமும் ஒன்றை ஒன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கும் துறையில், படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். “என்னென்ன எடுத்துட்டுப் போகணும்ணா?” என்றான். பருப்புப் பொடி, ரசப் பொடியெல்லாம் அப்புறம், முதலில் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என்ன இருக்கிறது பார் என்றேன். காலியாம். என்னுடையதும் காலிதான். அப்பா பெயரும் என் பெயரும் ஒன்றாகச் சேர்ந்து 27 ஆங்கில எழுத்தாக கிவன் நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து ஒரு வருஷம் குவாங்சோவில் இருந்தேன். நான் பட்ட பாட்டில் பாதி அந்தக் காலிக் கட்டத்தால் வந்தது. மீதி சிவப்பு முத்திரையால்.

அட்மிஷன், ஸ்காலர்ஷிப் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. சான்றிதழ்தான் படுத்தியது. டிகிரிக்கு சான்றொப்பம் வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. சென்னையில் ஒரு ஏஜென்டிடம் கொடுத்தேன். அவர் பின்பக்கம் அழகாக அப்போஸ்டில் ஸ்டிக்கர் (ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தூதரக முத்திரை கேட்காமலே ஏற்கும் சான்று) ஒட்டிக் கொடுத்தார். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் திறக்கலாம் என்று 2015-இல் இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டதோடு சரி, நான் கிளம்பியபோது அப்படி ஒன்று இல்லை. ஆக, டெல்லிக்கு ரயில். அங்கே கவுன்டரில் இருந்தவர் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். அப்போது சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையிலேயே இல்லை. வெளியுறவுத் துறையின் சாதாரண சான்றொப்பம், அதன் மேல் தூதரக முத்திரை, இதுதான் செல்லும். ஒரு நாள் வேலை என்று போனவன் முனிர்க்காவில் நண்பன் அறையில் தரையில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். 2023 நவம்பரில் சீனா அந்த உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது. அதற்காக இந்தியச் சான்றிதழுக்கும் ஸ்டிக்கர் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏஜென்டிடம் கேட்காமல் தூதரகத்திடமே எழுதிக் கேளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒட்டிய போட்டோவின் மேல் பாதியும் தாளில் பாதியுமாக மருத்துவமனை முத்திரை விழ வேண்டும். எனக்கு போட்டோவுக்குப் பக்கத்தில் கவனமாக, முகத்தில் படாமல் குத்திக் கொடுத்திருந்தார்கள். முகம் கெட்டுவிடக் கூடாது என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசால் குவாங்சோவில் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று மறுபடி ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, எல்லாவற்றுக்கும் புதிதாகப் பணம்.

போலீஸ் பதிவு ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். அறை எடுத்தாலோ நண்பர் வீட்டில் தங்கினாலோ 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில் நாமே போய்ப் பதிய வேண்டும். குடியிருப்பு அனுமதி பிரச்சினையில்லாமல் வந்தது.

வங்கிக்கு வருவோம். பெயருக்குப் படிவத்தில் இரண்டு கட்டம். சர்நேமைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகரவே மாட்டேன் என்கிறது. கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். “குடும்பப் பெயர் இல்லாமல் எப்படி இருக்க முடியும்?” எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறோம் என்பதை என் அரைகுறைச் சீனத்தில் விளக்கினேன். அப்பா பெயரை சர்நேமில் போட்டு, மீதியை அடுத்த கட்டத்தில் அடித்து, கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் வெட்டி, கணக்கைத் திறந்து கொடுத்தார். சிம் கார்டு கடையில் வேறு வரிசை, இடைவெளி இல்லாமல். விளைவு, வங்கி, போன், வீசாட் (அங்கே பேசவும் பணம் கட்டவும் எல்லோரும் வைத்திருக்கும் செயலி) மூன்றும் என்னை மூன்று ஆட்களாகப் பார்த்தன. அந்தக் காலத்தில் உள்ளூர் வங்கிக் கணக்கு இணைக்காமல் வீசாட் பேயும் அலிபேயும் எங்களுக்கு வேலை செய்யாது. தெருமுனை நூடுல்ஸ் கடைக்காரர் நான் நீட்டிய நோட்டை ஏதோ பழைய நாணயம் மாதிரி பார்ப்பார். ஐந்தாவது தடவை வங்கிக்குப் போனபோது ஒரு நேபாளி மாணவர்தான் வழி சொன்னார். பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிக்காதே, வங்கி ரசீதில் இருப்பதை அப்படியே, அந்தத் தப்போடும் இடைவெளியோடும் வீசாட்டில் அடி. அடித்தேன். பச்சை டிக் வந்தது. அன்று ராத்திரி அதே கடையில் போனை நீட்டி 12 யுவான் கட்டியபோது பட்ட சந்தோஷம் ஸ்காலர்ஷிப் கிடைத்த அன்றுகூட இல்லை.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் “உனக்கு அங்கே எத்தனை மார்க்?” என்று கேட்பார்கள், சீன அரசு ஒவ்வொருவரின் நடத்தைக்கும் போடுவதாகச் சொல்லப்படும் அந்த சமூக நம்பகத்தன்மை மதிப்பெண்ணைப் பற்றி. ஆளுக்கொரு மதிப்பெண் போடும் ஒரே தேசியப் பட்டியல் என்று எதுவும் கிடையாது. 2014-இல் அரசு வெளியிட்ட ஒரு திட்டம், கடனைக் கட்டாதவர்களுக்கு நீதிமன்றம் வைத்திருக்கும் கறுப்புப் பட்டியல், தனியார் செயலி தரும் ஒரு மதிப்பெண், இப்படித் தனித்தனியாகக் கிடக்கிறது. எனக்கு மார்க் போடுவது இருக்கட்டும், முதலில் என் பெயரை ஏற்றால் போதும் என்றிருந்தது.

படிப்பில் மூன்று வாரம் வீணானது என் தப்பு. நூலகத்தில் ‘அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்’ என்ற தலைப்பில் தேடித் தேடி, இவ்வளவு பெரிய நாட்டில் இவ்வளவுதானா எழுதியிருக்கிறார்கள் என்று எகத்தாளமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் கைடுதான் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் ஐந்து எழுத்து எழுதிக் கொடுத்தார். சூரான் பியென்ஜெங்ஃபா. அதாவது இயற்கையின் இயக்கவியல். ஏங்கெல்ஸின் நூலிலிருந்து வந்த பெயர். இந்தத் துறை அங்கே அந்தக் குடையின் கீழ்தான் வளர்ந்தது. அந்தப் பெயரில் 1979-இல் ஆய்விதழ், 1981-இல் தேசியச் சங்கம், அறிவியல் முதுகலை மாணவர்களுக்குப் பாடம்கூட உண்டு. அந்தச் சொல்லைப் போட்டுத் தேடியதும் அலமாரி அலமாரியாக வந்தது. போகிறவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள். கூகுள் ஸ்காலரையும் ஜிமெயிலையும் நம்பிப் போகாதீர்கள், இரண்டும் அங்கே திறக்காது.

இனி முத்திரைக் கதை. நான் எடுத்துப் போன தலைப்பு, மரபணு ஆய்வுக்கூடங்களில், ஓர் ஆய்வைச் செய்யலாமா என்று ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன என்பது. ஷென்ஜெனில் ஓர் ஆய்வுக்கூடம் பேசத் தயார் என்றது. ஆனால் ஜியேஷாவ்ஷின் வேண்டும், அதாவது அறிமுகக் கடிதம். ஒரு பக்கம்கூட வராது. இன்னார் எங்கள் மாணவர், இன்ன வேலையாக வருகிறார், ஒத்துழைக்கவும். கீழே அலுவலகப் பெயர், தேதி, இரண்டின் மேலும் படுகிற மாதிரி நடுவில் நட்சத்திரம் போட்ட வட்டச் சிவப்பு முத்திரை. கையெழுத்தை யாரும் தேடுவதில்லை. முத்திரை தேதிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால்தான் புருவம் உயரும்.

துறையின் முத்திரை போதாது, பல்கலைக்கழக முத்திரை வேண்டும் என்றது ஆய்வுக்கூடம். வெளிநாட்டு மாணவர் அலுவலகம், ஆய்வு என்றால் ஆய்வுப் பிரிவுக்குப் போ என்றது. ஆய்வுப் பிரிவு, நீ மாணவன்தானே, மாணவர் அலுவலகத்துக்குப் போ என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆலமரம், அதன் கீழ் ஒரு பெஞ்சு. அக்டோபர் முழுக்க அந்தப் பெஞ்சில்தான் குடியிருந்தேன். கடைசியில் யாருடைய வேலை என்று முடிவானபோது முத்திரையை வைத்திருப்பவர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருந்தார். சாவி அவரிடம். அந்த அலமாரியை, அதில் முத்திரை இருக்கும் இழுப்பறையை, எதிரில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். அலுவலகத்தில் யாராக இருந்தாலும் ‘லாவ்ஷி’ என்று கூப்பிடுங்கள். ஆசிரியர் என்று பொருள், பாடம் நடத்தாத கிளார்க்குக்கும் அதே மரியாதைதான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட என் நண்பனின் தாள் எப்போதும் அடுக்கின் அடியில்தான் இருந்தது.

ஏழு வாரம் கழித்து, நவம்பர் 22-ஆம் தேதி முத்திரை விழுந்தது. தேதியின் மேல், நேராக, அழகாக. முதல் நேர்காணல் 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை என்று குறித்தார்கள்.

26-ஆம் தேதி திங்கட்கிழமை, மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாகச் செய்தி வெடித்தது. அதைச் செய்தவர் ஹ ஜியான்குய், அதே ஷென்ஜெனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தவர். காலையில் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான மக்கள் நாளிதழின் இணையதளம் அதைச் சாதனை என்று போட்டது, பிறகு அந்தப் பக்கமே காணாமல் போனது. அன்றைக்கே 122 சீன விஞ்ஞானிகள் கண்டித்து அறிக்கை விட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கண்ணில் படுவதையெல்லாம் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் எனக்குப் பாதி போய்விட்டது.

என் நேர்காணலும் போனது. “இப்போது வசதிப்படாது” என்று வீசாட்டில் ஒரு வரி. அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை. அந்த வாரம் அந்த ஊரில் நெறிமுறைக் குழு என்ற சொல்லை எடுத்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஜனவரியில் குவாங்டோங் மாகாண விசாரணை, ஹ நெறிமுறை ஒப்புதல் தாளையே போலியாகத் தயாரித்திருந்தார் என்று சொன்னது. நான் நிஜமான ஒரு தாளுக்கு ஆலமரத்தடியில் ஏழு வாரம் உட்கார்ந்தேன். 2019 டிசம்பர் கடைசியில் அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள்.

ஷென்ஜெனுக்கு எடுத்த டிக்கெட்டை ஏன் வீணாக்க வேண்டும் என்று கிளம்பிப் போனேன். வழியில் போன் கீழே விழுந்து திரை நொறுங்கியது. ஹுவாச்சியாங்பேய் போ என்றார்கள். எலெக்ட்ரானிக்ஸ் சந்தை, மாடி மாடியாக, ஒரு மீட்டர் அகலக் கவுன்டர்கள். ஒரு கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர் நான் வாய் திறக்கும் முன்பே போனை வாங்கி, சூடான தட்டில் ஒரு நிமிஷம் வைத்து, பிளாஸ்டிக் தகடால் திரையை நெம்பி எடுத்தார். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தபடியே, மதர்போர்டில் இன்னொரு இடத்திலும் ஈயம் விட்டிருக்கிறது, அதையும் தொட்டுவிடவா என்றார். சுற்றிலும் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சர்ர் சத்தம். பக்கத்துக் கவுன்டர்காரர்களோடு அவர் பேசியது எனக்குப் புரியாத சாவ்ஷான் வட்டார மொழி. அங்கே கடை போட்டிருப்பவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். இந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஸ்டூலைக் காலால் தள்ளி உட்காரச் சொன்னார். கடிதம் கேட்கவில்லை.

என் ஆய்வுத் தலைப்பை இந்தச் சந்தை என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் மாற்றினேன். கைடும் ஒப்புக்கொண்டார். ஆனால் சும்மா இருக்காமல் 60 கேள்வித்தாள் அச்சடித்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்ததும் கைடு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, “எத்தனை கொடுத்தாய்?” என்றார். நான்கு. “திரும்ப வாங்கி வா.” வெளிநாட்டவர் நேரடியாகச் சமூகக் கணக்கெடுப்பு நடத்தக் கூடாது, அனுமதி பெற்ற உள்ளூர் நிறுவனம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று 2004-இலிருந்தே விதி இருக்கிறது. நான்கையும் வாங்கப் போனால், ஒன்றில் ஏற்கெனவே ஸ்க்ரூ மடித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு கைடின் ஆய்வுத் திட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார், பேச்சும் நோட்டுப் புத்தகமும் மட்டும்தான்.

அந்தச் சந்தை 80-களில் எப்படித் தொடங்கியது என்று பார்க்க ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அப்போது 30 வருஷம் ஆன கோப்புகளைத்தான் திறப்பார்கள் (2021-இலிருந்து 25 ஆக்கியிருக்கிறார்கள்). இந்த முறை உஷாராக, முத்திரையோடு கடிதம் கையில். வாசல் காவலர் கடிதத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். “இந்த ஆள் வரவில்லையா?” கடிதத்தில் துறை எழுதியிருந்தது, என் மொழி ஆசிரியை வைத்த மூன்றெழுத்துச் சீனப் பெயரை. பாஸ்போர்ட்டில் அது கிடையாது. “ஷிஃபு (காவலர், தொழிலாளி போன்றவர்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்), அதுவும் நான்தான்” என்று எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. இரண்டு பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு, இவரும் அவரும் ஒருவரே என்று புதுக் கடிதம் வாங்க மறுபடி ஆலமரத்தடி. இந்த முறை நான்கே நாள். முத்திரைக்கார லாவ்ஷிக்கு என்னைத் தெரிந்துவிட்டிருந்தது. உங்கள் கடிதம் எதிலும் பாஸ்போர்ட் எண் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் கூரியரில் வந்தது. அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால், வங்கி வெட்டிய அதே கடைசி எழுத்தைக் காணோம். முத்திரை மட்டும் தேதியின் மேல் சரியாக விழுந்திருந்தது.